ஐந்தாம் ரகத்தின் வேர்

நவம்பர் 20, செவ்வாய்

விதைத்து முப்பத்தொன்பதாம் நாள். உளுந்து பூத்துவிட்டது. எட்டு ரகமும் மூன்று பிரிவாக விதைத்திருக்கிறது; இன்று முதல் பிரிவில் வேர் எடுத்தோம்.

போன வருடம் மாதிரி இந்த வருடமும் கோட்டை விட்டால் என் கதை முடிந்தது. போன வருடம் பென்சிலால் எழுதிய சீட்டுகள் கரிசல் சேற்றில் கரைந்து, எந்தச் செடி எந்த ரகம் என்றே தெரியாமல் மொத்தத்தையும் குப்பைக்குழியில் கொட்டினேன். மூன்றாவது முறையாக நீட்டிப்பு கேட்டு வாங்கியாயிற்று. பல்கலைக்கழகக் கடிதத்தில் 'இறுதி' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ புண்ணியவான் பேனாவால் கோடு வேறு போட்டிருக்கிறான். மார்ச் 31 மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருடமும் ரத்து.

அதனால் இந்த முறை மூளையைப் பயன்படுத்தியிருக்கிறேன். எட்டு ரகம், எட்டு பெண்கள், எட்டு நிறம். கோவில்பட்டியில் தையல் கடையில் வெட்டுத்துணி வாங்கி நாடாவாகக் கிழித்து, ரகத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துவிட்டேன். முளைக்குச்சியில் அந்த நிறம், பையில் அந்த நிறம், வேர் எடுக்கும் பெண்ணின் கையிலும் அந்த நிறம். சிவப்புக்காரி சிவப்பு நிரையைத்தான் தொடுவாள், மூன்று பிரிவிலும். எழுத்தே தேவையில்லை. கலப்படத்துக்கு வழியே இல்லை. அருளானந்தம் சார் (என் நெறியாளர்; எதையும் பாராட்டுகிற மனிதர் இல்லை) கேட்டுவிட்டு, "பரவாயில்லையே அரசி" என்றார்.

குருவம்மாதான் முதலில் கை நீட்டியது. "மேடம், எனக்குச் சிவப்பக் குடுங்க. தூரத்துல இருந்தே கண்ணுல படும்." சிவப்பு என்றால் ஐந்தாம் ரகம். என்ன வேகம் அந்தக் கைக்கு! பத்தரை மணிக்கெல்லாம் பத்துச் செடியும் கழுவிப் பையில் போட்டு என் மேஜைக்கு வந்துவிட்டது.

மஞ்சள், ஏழாம் ரகம், சீனித்தாய். அதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். செடியை மண்கட்டியோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் வைத்துவிட்டு, குளத்தங்கரையில் கொக்கு நிற்பது போல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், "ஊறணும் தாயி" என்றது.

"ஏன் மதினி, ஊறுகாயா போடப் போறீக?" என்று குருவம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நவம்பர் 21, புதன்

இரண்டாம் பிரிவு. நான் இன்றும் ஆய்வுக்கூடச் சோதனைக்கு இலை பறிப்பதிலேயே நின்றேன். பறித்த கையோடு ஐஸ் பெட்டியில் வைக்காவிட்டால் இலை வீணாகிவிடும். அதை யாரிடமும் விட முடியாது.

மாலை நாலு மணி வரை மஞ்சள் நிரையில் மூன்று செடி பாக்கி. மற்ற ஏழு பேரும் கை கால் கழுவிப் பேருந்துக்கு நிற்கிறார்கள். பொறுமை போயே போயிற்று.

"என்னக்கா இது, உளுந்து பிடுங்குறீங்களா, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுறீங்களா? நாளைக்கு நான் வேற ஆளை வச்சுக்கிடுறேன்."

"கை சரியில்ல தாயி. ஆடி மாசம் விழுந்ததுல மணிக்கட்டு பிசகிப்போச்சு. ஓங்கி வேல செய்ய முடியல. வஞ்சிராதீக."

அதன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். வேறு ஆளை வைக்கவும் முடியாது. நடுவில் ஆளை மாற்றினால் நிறக்கணக்கு குழம்பும். என் விதியை நானே மீறக் கூடாது.

நவம்பர் 22, வியாழன்

மூன்றாம் பிரிவும் முடிந்தது. இருநூற்று நாற்பது பை. ஒன்று கூடக் கலக்கவில்லை. சாத்தூருக்குப் போன் போட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வருவியா, இல்ல வேர்கூடவே குடித்தனமா?" என்றார்.

டிசம்பர் 6, வியாழன்

இரண்டு வாரமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, வேரை விரித்து, அடியில் கட்டத்தாள் வைத்து, வேர் எத்தனை கோடுகளைக் கடக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுகிற வேலை. கழுத்து ஒடிகிறது. கண்ணை மூடினாலும் கட்டம்தான் தெரிகிறது.

ஆனால் கிடைத்தது! கிடைத்தே விட்டது!

மறந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கேயும் எழுதி வைக்கிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு கீழே இறங்கும். அதைத் தேடி ஆணிவேர் ஆழமாகப் போனால் போதும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படி இல்லை. போட்ட இடத்திலேயே கிடக்கும். அதுவும் இந்தக் கரிசல் பிடித்து வைத்துக்கொண்டால் லேசில் விடாது. மேல் அரையடி மண்ணில்தான் இருக்கும். அது செடியைத் தேடி வராது, செடிதான் அதைத் தேடிப் போக வேண்டும். அப்படியென்றால் எந்தச் செடிக்குப் பக்கவேர் மேலாகவே படர்ந்து, மயிர் மாதிரி மெல்லிய வேர் நிறைய விடுகிறதோ, அந்தச் செடி பாதி உரத்திலேயே பிழைத்துக்கொள்ளும். எட்டு வருடமாக நான் பொறுக்கி எடுத்த எட்டு ரகத்தில் ஒன்றாவது அப்படி இருக்கும் என்று நம்பித்தான் இத்தனை பாடும்.

ஏழாம் ரகம் அப்படி இருக்கிறது. தட்டில் விரித்தால் வெள்ளைப் பஞ்சு. மற்ற ரகங்களைப் போல் இரண்டரை மடங்கு மெல்லிய வேர், மூன்று பிரிவிலும் ஒரே மாதிரி. இருப்பதிலேயே மட்டம் ஐந்து. ஆணிவேரும் நாலைந்து மொட்டைப் பக்கவேரும்தான். நுனியெல்லாம் கத்தரித்தது போல் நிற்கிறது. சில ஜென்மங்கள் அப்படித்தான்.

சார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏழாம் ரகத்த அடுத்த ஆனி ஆடியில பத்து விவசாயிங்க நிலத்துல போட்டுப் பாத்துரலாம். அடியுரம் பாதி போதும்னு சொல்லிரலாம்" என்றார். வெளியே வந்து கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

டிசம்பர் 19, புதன்

ஆய்வுக்கூடத்திலிருந்து இலை முடிவு வந்தது.

ஏழாம் ரகத்தின் இலையில் மணிச்சத்து சாதாரணம். அவ்வளவு வேரை வைத்துக்கொண்டு அது என்ன செய்தது? தூங்கியதா? எட்டு ரகத்திலும் அதிக மணிச்சத்து எதில் தெரியுமா? ஐந்தில். அந்த மொட்டை வேரில்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய் மாசிலாமணியைப் பிடித்து உலுக்காத குறை. "மேடம், நான் நம்பரத்தான் பாக்கேன். அது ஐந்தா ஏழான்னு எனக்கு என்ன தெரியும்?" என்றான். இரண்டு பைகளை மாற்றியிருப்பான். சத்தியமாக மாற்றியிருப்பான். மறுபடி செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். மிச்ச இலைத்தூள் நல்லவேளையாக இருந்தது.

டிசம்பர் 24, திங்கள்

மறுபடியும் அதே. ஐந்து மேலே, ஏழு நடுவே. இந்த முறை நானே பக்கத்தில் நின்றேன்.

சாரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் பிடிக்காத பதில் வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஐந்தைத் தூக்கிரு அரசி. மிச்ச ஏழு ரகத்தோட எழுது. ஐந்து இல்லன்னா வரைபடத்துல கோடு ஓரளவுக்கு நேரா வந்துரும்."

"எப்படி சார் தூக்குறது? என்ன காரணம் சொல்றது?"

"முளைப்பு சரியில்லன்னு சொல்லு. எட்டு வருசமா இதுல இருக்க, இதக் கூடவா நான் சொல்லித் தரணும்?"

ஐந்தின் முளைப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதை அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 28, வெள்ளி

அறுவடை. குருவம்மா குழுதான். பிடுங்கிய செடியெல்லாம் ஒரு பொட்டு மண் இல்லாமல் களத்துக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் இவர்களைப் போல் சுத்தமாக உளுந்து பிடுங்க ஆள் கிடையாது. சீனித்தாய் இன்று வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

ஐந்தாம் ரகத்தில் காய் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. பழைய எருக்குழி பக்கத்தில் இருப்பதால் இருக்கும். மூன்று பிரிவில் ஒரு பிரிவுதான் எருக்குழிக்குப் பக்கம். இருந்தாலும் இருக்கும்.

டிசம்பர் 31, திங்கள்

ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம். நாற்பது பக்கம் தட்டச்சு ஆகிவிட்டது. ஐந்து வரும் இடமெல்லாம் விரல் தடுமாறுகிறது. நடுநிசி வாணவேடிக்கைக்கு முன்பே படுத்துவிட்டேன்.

ஜனவரி 2, புதன்

விதை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குளிர்பெட்டியில் எனக்கு ஒரு தட்டு மட்டும்தானாம். ஒவ்வொரு பையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஐந்து கையில் வந்தது. இந்த வருட அறுவடை மூன்று கிலோ. கூடவே மூலவிதைப் பொட்டலம், கால் கிலோ.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஒரு மாதமாக இந்த ஐந்து என் உயிரை எடுக்கிறது. தூக்கத்தில் ஐந்து, சோற்றில் ஐந்து. இதை வைத்திருந்தால் நாளைக்கு யாராவது கேட்பான், ஐந்து எங்கே என்று. சனியனைத் தலைமுழுகிவிடலாம் என்று அறுவடைப் பையையும் மூலவிதையையும் ஒன்றாகக் கொட்டிக் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் குருவம்மா வந்து நின்றது. முகமெல்லாம் பல். "மேடம், எம்மக பொன்னுத்தாயி பெரிய மனுசி ஆயிட்டா. முந்தாநேத்து. ஒங்களுக்குத்தான் மொத சேதி."

"நல்ல விஷயம்க்கா" என்றேன். கையில் இருந்த மூட்டையை நீட்டினேன். "இந்தாங்க, உங்க சிவப்பு நிரைதான். பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிப் போடுங்க."

கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அதற்கு. "பதினாறு நாளும் போடுவேன் மேடம். இடுப்பெலும்பு இரும்பா இருக்கணும்லா." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

நல்ல காரியம் செய்தேன். அறையும் காலி, மனசும் காலி.

ஜனவரி 7, திங்கள்

எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை இல்லை என்று சாதிப்பேன்.

ஆய்வேட்டில் போட ஒரு படம் வேண்டும், வேர் எடுக்கும் முறை என்று. மோட்டார் அறைப் பக்கம் குழாய் ஒழுகுவதால் ஓர நிரையில் வேலிக்கென்று விதைத்த கடை உளுந்து கொஞ்சம் இன்னும் பச்சையாக நிற்கிறது. குருவம்மாவைக் கூப்பிட்டு, "அன்னைக்கு எப்படி எடுத்தீங்களோ அப்படியே எடுங்கக்கா, போட்டோ பிடிக்கணும்" என்றேன். சீனித்தாயும் ஏதோ சம்பளச் சீட்டு விஷயமாக வந்து ஓரமாக நின்றது.

குருவம்மா களைக்கொத்தியால் சுற்றிலும் மூன்று கொத்து கொத்தியது. தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. செடி வந்தது, ஈரக் கரிசல் உருண்டையாக வேரில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கேமராவைத் தூக்கினேன்.

குருவம்மா வேரைத் தன் குதிகாலில் ஓங்கி அடித்தது. படார், படார், படார். மூன்றே அடி. மண் உருண்டை உடைந்து விழுந்தது. வேர் மொட்டையாக, சுத்தமாக, என் முன்னால் நீட்டியிருந்தது.

கத்தரித்தது போன்ற நுனி.

"என்னக்கா செஞ்சீங்க?"

"மண்ண ஒதறுனேன் மேடம். களத்துக்கு மண்ணு போகக் கூடாதுல்லா. பருப்புல மண்ணு கெடந்தா எவன் திம்பான்?"

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சீங்களா? எல்லாச் செடியையுமா?"

"எல்லாத்தையுந்தான். நாங்க அம்புட்டுப் பேரும் இப்பிடித்தான் அடிப்போம். ஒருத்தி ரெண்டு அடி அடிப்பா, நான் மூணு." குரலில் பெருமைதான் இருந்தது. "சீனி மதினிக்குத்தான் கை வெளங்கல. அது தண்ணியில ஊறப்போட்டு ஊறப்போட்டு எடுத்துச்சு."

நான் கீழே உட்கார்ந்து அந்த மண்ணைக் கிளறினேன். உடைந்த கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக நூல். எல்லா மெல்லிய வேரும் மண்ணிலேயே இருந்தது.

பிறகு நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அறிவில்லையா என்றது நினைவிருக்கிறது. என் வாழ்க்கையைக் குதிகாலில் அடித்துவிட்டீர்களே என்றதும்.  குருவம்மா செடியை மெதுவாகக் கீழே வைத்தது.

"வேரு வேணும்னு நீங்க எங்க மேடம் சொன்னீக? செடியப் புடுங்கி, மண்ணு போகக் கழுவுங்கன்னீக. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, வேரப் பூ மாதிரி எடுத்துக் குடுத்திருப்போம்லா. எங்களுக்குக் கை இல்லியா?" போயே விட்டது.

சொல்லவில்லை. மூன்று நாளும் சொல்லவில்லை. போன வருடமும் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்குத்தான் மீதி உறைத்தது. ஏழாம் ரகத்தின் வேர் என்று நான் எண்ணியது சீனித்தாயின் பிசகிய மணிக்கட்டை. ஒரு ரகத்துக்கு ஒரே கை என்று நாடா கட்டிக் கொடுத்தவளே நான்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மூளையைப் பயன்படுத்தினேனாம், மூளையை. தூ!

இலையை மட்டும்தான் எட்டு ரகத்துக்கும் ஒரே ஆளாக நான் பறித்தேன். இலை சொன்னதுதான் உண்மை. மணிச்சத்தை உறிஞ்சியது ஐந்து. காயும் ஐந்தில்தான் கூட. வேரும் ஐந்தில்தான் கூட இருந்திருக்கும். அதில் மூன்று அடி விழுந்திருக்கிறது.

இன்னும் வழி இருக்கிறது. பொங்கலுக்குள் விதைத்தால் பிப்ரவரி கடைசியில் பூ. வேரை நானே எடுப்பேன், எட்டு ரகத்தையும், வாளியில் ஊறவைத்து. மார்ச் முழுக்க இருக்கிறது. விதை மட்டும் வேண்டும். ஐந்து மட்டும் வேண்டும்.

குருவம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அது வீடு இங்கிருந்து நாலு கிலோமீட்டர். போகலாம். ஆனால் காலையில் அப்படிக் கத்திவிட்டு எந்த முகத்தோடு போய் மூட்டையைத் திருப்பிக் கேட்பது? பதினாறு நாள் களி போடுவேன் என்றதே, ஆறேழு நாள்தான் ஆகிறது. பாதியாவது இருக்கும். சாரிடம் முதலில் சொல்லிவிட்டு நாளைக்குப் போய்க்கொள்ளலாம்.

ஜனவரி 8, செவ்வாய்

சார் முழுதாகக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"யாருக்கும்மா தெரியும்? உனக்கு, எனக்கு."

"சீனித்தாய்க்குத் தெரியும் சார், குருவம்மாவுக்கும் தெரியும்."

"அவங்களா உன் ஆய்வேட்டப் படிக்கப் போறாங்க?"

"பத்து விவசாயி சார். ஏழாம் ரகத்தைப் போடச் சொல்லி அடியுரத்தைப் பாதியாக் குறைக்கச் சொல்லப் போறோம். அது சாதாரண ரகம். பாதி உரத்துல அவங்களுக்கு என்ன விளையும்?"

"கொஞ்சம் குறையும். மழ சரியில்லன்னு நெனச்சுக்கிடுவாங்க." சொல்லிவிட்டு அவரே ஜன்னலைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். என்னை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கடைசியில், "விதை இருக்கா? இருந்தா மோட்டார் அறைப் பக்கம் பத்து சென்ட் தர்றேன். இல்லேன்னா நான் சொன்னபடி எழுது" என்றார்.

வீட்டுக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். பேருந்து சத்தத்துக்கு நடுவே, டிக்கெட் கிழித்துக்கொண்டே. "எட்டு வருசம் அரசி. நான் ஒரு நாளு ஒன்னக் கேட்டிருக்கேனா? குடுத்துட்டு வந்துரு. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?"

அவர் மேல் கோபம்கூட வரவில்லை. எனக்கும் அதுதானே ஆசை. ஆசை இல்லை என்று இந்தத் தாளில் எழுதினால் அது பொய்.

திரும்பி வரும்போது கடைசிப் பேருந்தும் போய்விட்டது. குருவம்மா இன்று வேலைக்கும் வரவில்லையாம்.

ஜனவரி 9, புதன்

விடிந்ததும் கிளம்பினேன். ஊர் எல்லையில் வேலிக்கருவை, பிறகு இரண்டு தெரு. வீட்டை விசாரிக்கவே தேவையில்லை, வாசலில் தென்னங்கீற்றுக் குடிசை கட்டியிருந்தது. உள்ளே பொன்னுத்தாய் பாவாடை தாவணியில் மஞ்சள் முகத்தோடு உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தது. கோபத்தைக் காணவே இல்லை. "ஆத்தாடி, மேடம் வந்துட்டாகளே! ஏட்டி, பாய எடுத்துப் போடு."

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது..."

"அத விடுங்க மேடம். நீங்க வந்ததே போதும்."

உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டேன். "நான் குடுத்த உளுந்து இருக்காக்கா?"

"பாதி இருந்துச்சு. நேத்துக் காலையிலதான் அம்புட்டையும் அரிசி சேத்து மில்லுல திரிச்சுட்டு வந்தேன். பொங்கலுக்கு மில்லு மூடிருவான்லா." சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து காட்டியது. நிறைய மாவு. சாம்பல் நிறத்தில், மல்லிகை மாதிரி மென்மையாக.

நேற்றுக் காலை. நான் சாரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்.

கை அப்படியே டப்பாவுக்குள் போய்விட்டது. மாவைத் துழாவினேன். ஒரு முழு உளுந்து கூடவா இருக்காது? பிறகு மூட்டை எங்கே என்றேன். பழைய சாக்கைக் கொண்டுவந்தது. உள்ளே வெளியே திருப்பி உதறினேன். தையல் ஓரத்தைப் பிரித்தேன். முறத்தைக் கேட்டேன். புடைத்த இடம் எது என்று கேட்டு முற்றத்தில் முட்டி போட்டுத் தேடினேன். கோழி நாலு அந்த இடத்தைச் சுத்தமாகக் கிளறி வைத்திருந்தது. எத்தனை நேரம் தேடினேனோ தெரியாது. நிமிர்ந்தபோது குருவம்மாவும் எனக்குப் பக்கத்தில் முட்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமலே.

இந்த முறை சொன்னேன். வேர் எதற்கு, மணிச்சத்து ஏன் இடம் விட்டு நகராது, ஐந்து என்ன செய்தது, எட்டு வருடம், மார்ச் 31. எல்லாம் சொன்னேன். முற்றத்து மண்ணில் விரலால் வேர் வரைந்து காட்டினேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது போல் கேட்டது.

"அப்ப அது மாதிரி உளுந்து வேற எங்கயும் இல்லியா மேடம்?"

"இல்லக்கா."

"இந்த ஒலகத்துலயே?"

"நான் பொறுக்கினது. என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு."

குருவம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டது. பிறகு திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. "கடையில ரெண்டு கிலோ உளுந்து வாங்க எனக்கு வக்கில்லாமயா போச்சு? இதப் போயி திரிச்சிட்டேனே, பாவி!" நான்தான் அதன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அறிவில்லையா என்று கேட்ட அதே வாயால், "உங்க மேல தப்பில்லக்கா, நான்தான் குடுத்தேன்" என்றேன். 

பொன்னுத்தாய் குடிசையை விட்டு வெளியே வரக் கூடாதாம். உள்ளிருந்தே தட்டை நீட்டினாள். களி உருண்டை, நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய், சுற்றிலும் கருப்பட்டி. "சாப்பிடுங்க மேடம். கடை உளுந்துல இப்பிடி வராதாம். எங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய? நல்ல ருசி. அவ்வளவு நல்ல களியை நான் தின்றதே இல்லை. விரலை நக்கித் தின்றேன், கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது, அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 10, வியாழன்

நாள் முழுக்க நாலாவது அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு ரகம் என்பதை ஏழு ரகம் என்று மாற்றினால் போதும். நாற்பது இடத்தில் மாற்ற வேண்டும். இருபத்திரண்டு இடத்தில் மாற்றினேன்.

ஜனவரி 11, வெள்ளி

பதிவை ரத்து செய்யக் கேட்கும் படிவத்தை அலுவலகத்தில் வாங்கினேன். எழுத்தர் அம்மா, "மார்ச் வரைக்கும் நேரம் இருக்கே, ஏம்மா அவசரம்?" என்றார்.

நேரம் இருந்தால் மாற்றிவிடுவேன். மிச்சம் பதினெட்டு இடம்தான்.

படிவத்தில் காரணம் எழுத இரண்டு வரிதான் விட்டிருக்கிறார்கள். எழுதினேன்: 'ஏழாம் ரகத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அதன் வேரை நான் தவறாக அளந்துவிட்டேன். மணிச்சத்தை எடுத்தது ஐந்தாம் ரகம், அதன் விதை தீர்ந்துவிட்டது.'

எழுத்தர் அம்மா படித்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்றால் எப்படி, பூச்சி அரித்ததா, தொலைந்ததா, சரியாக எழுதுங்கள் என்றார். பேனாவை வாங்கி, இடம் இல்லாததால் ஓரத்தில் நெருக்கி எழுதிக் கொடுத்தேன்: 'சாப்பிட்டுவிட்டோம்.'